நிலவியல் கால அட்டவணையை வாசிப்பது எப்படி? அரியலூர் பாறைகளை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை கிராமத்தை ஒட்டி, மழைநீர் அரித்து அரித்துப் பிளந்துபோன களிமண் மேடுகள் உண்டு. புல்கூடச் சரியாக முளைக்காத அந்த நிலத்தில் ஜிப்சம் படலங்கள் வெயிலில் மின்னும். அவற்றுக்கிடையே சுருள் வடிவ அம்மோனைட்டுகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. கடலில் மட்டுமே வாழ்ந்த உயிரினம் அது. இன்றைய கடற்கரையோ வெகு தூரத்தில் இருக்கிறது. "ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சு" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

எந்தக் காலத்தில்? நிலவியல் படித்தவரிடம் கேட்டால் "கிரெட்டேசியஸ், அல்பியன் முதல் டூரோனியன் வரை, சுமார் 10 கோடி ஆண்டு" என்பார். இதில் பெரும்பாலோர் மனத்தில் நிற்பது 10 கோடி என்ற எண் மட்டும்தான். உண்மையில் அந்தப் பதிலில் அடிக்கடி திருத்தப்படுவது எண்தான். பெயர்கள் பாறையோடு ஒட்டிப் பிறந்தவை. எண், பாறையிலிருந்து பிறகு கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கால அட்டவணையை மனப்பாடம் செய்யாமலேயே வாசிக்க முடியும்.

படி 1: எண்களை நம் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்

பாடநூல்களிலும் அருங்காட்சியகப் பலகைகளிலும் ஆண்டுகள் மில்லியனில்தான் இருக்கும். ஒரு மில்லியன் என்பது 10 லட்சம். ஆகவே மில்லியன் எண்ணை 10ஆல் வகுத்தால் கோடி கிடைத்துவிடும். 66 மில்லியன் என்றால் 6.6 கோடி, 251.9 மில்லியன் என்றால் 25.19 கோடி. ஒரு பில்லியன் 100 கோடி.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் 66 மில்லியன் என்பது தமிழில் எழுதும்போது 66 கோடியாக மாறிவிட்டால், டைனோசர்களின் அழிவு பூமியின் பெரும்பகுதி பனியில் உறைந்து கிடந்த கிரையோஜீனியன் காலத்துக்குப் போய்விடும். அப்போது டைனோசர் என்ன, முதுகெலும்பு உள்ள எதுவுமே கிடையாது. எண்ணைப் பார்த்ததும் எந்த அலகில் இருக்கிறது என்று ஒருமுறை சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

படி 2: ஒரு கயிற்றில் அளந்து பாருங்கள்

சுவரில் தொங்கும் அட்டவணையில் பெட்டிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். எழுத்து தெரிய வேண்டுமே என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதைப் பார்த்தே பழகியவர்களுக்குக் காலத்தின் உண்மையான நீளம் பிடிபடுவதில்லை. வீட்டில் ஒரு கயிறும் அளவு நாடாவும் இருந்தால் போதும்.

ஒரு மில்லிமீட்டருக்கு 10 லட்சம் ஆண்டு என்று வையுங்கள். அட்டவணை 456.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. சூரியக் குடும்பத்தில் இதுவரை அளக்கப்பட்ட மிகப் பழைய திடப்பொருள்களின் வயது அது. பூமியின் வயதாக வழக்கமாகச் சொல்லப்படும் 454 கோடி அதற்குச் சற்றுப் பின்னால் வரும். ஆக, கயிறு 4 மீட்டர் 57 செ.மீ. வேண்டும். ஒரு முனையில் "இன்று" என்று எழுதி, அங்கிருந்து அளந்து முடிச்சுப் போடுங்கள். 6.6 செ.மீ.இல் ஒன்று, 25.2 செ.மீ.இல் ஒன்று, 53.9 செ.மீ.இல் ஒன்று. பிறகு 2 மீட்டர் 50 செ.மீ.இல் ஒன்று, 4 மீட்டர் 3 செ.மீ.இல் ஒன்று.

இப்போது கயிற்றை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பள்ளியில் படித்த டிரைலோபைட் (ஓடுடைய பழங்காலக் கடல் உயிரினம்), டைனோசர், யானை, மனிதன் எல்லாமே கடைசி 54 செ.மீ.க்குள் அடங்கிவிட்டன. மீதி 4 மீட்டர், அதாவது மொத்தக் காலத்தில் 88 விழுக்காடு, பெரும்பாலும் நுண்ணுயிர்களின் காலம். அம்மோனைட் வாழ்ந்த காரைக் கடல் இன்றிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் வருகிறது. கடைசிப் பனியுகம் முடிந்து, விவசாயமும் நகரங்களும் எழுத்தும் வந்த 11,700 ஆண்டுகள் 0.0117 மி.மீ. தலைமுடியைவிட மெல்லியது. அதைக் கயிற்றில் குறிக்க முடியாது.

படி 3: ஐந்து அடுக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

அட்டவணையின் மிகப் பெரிய பிரிவு இயான். இதைப் பேரூழி என்று சொல்லலாம். பேரூழிக்குள் ஊழிகள், ஊழிக்குள் காலங்கள், காலத்துக்குள் உட்காலங்கள், உட்காலத்துக்குள் கட்டங்கள். ஆங்கிலப் பாடநூலில் இவை முறையே ஈரா, பீரியட், எபோக், ஏஜ் என்று வரும். முகவரியில் மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர், தெரு என்று குறுகிக்கொண்டே போவது போலத்தான்.

அரியலூர் அருகே கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல்லை எடுத்துக்கொள்வோம். கிரைஃபியா என்ற தடித்த சிப்பிகள் நெருக்கமாகப் பதிந்த கல் அது. சிமென்ட் ஆலைகள் அரியலூருக்கு வந்தது இத்தகைய கல்லைத் தேடித்தான். இதன் முழு முகவரி: ஃபேனரோசோயிக் பேரூழி, மீசோசோயிக் ஊழி, கிரெட்டேசியஸ் காலம், பிந்தைய கிரெட்டேசியஸ் உட்காலம், மாஸ்ட்ரிக்டியன் கட்டம். கடைசிச் சொல் ஒன்றைக் கேட்டாலே மற்ற நான்கும் தெரிந்துவிடும், ஏனென்றால் ஒரு கட்டம் ஒரே ஒரு இடத்தில்தான் அமரும். கிரெட்டேசியஸ் காலத்தில் மட்டும் இப்படி 12 கட்டங்கள். எல்லாவற்றையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை, தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நுணுக்கம். காலத்தைப் பேசும்போது முந்தைய, பிந்தைய என்போம். அதே காலத்தில் உருவான பாறையைப் பேசும்போது கீழ், மேல் என்போம். கீழ் கிரெட்டேசியஸ் என்றால் பாறை, முந்தைய கிரெட்டேசியஸ் என்றால் அது படிந்த காலம். ஆய்வுக் கட்டுரை வாசிக்கும்போது இந்த வேறுபாடு தெரியாவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

படி 4: வரிசை முதலில் வந்தது என்பதை மறக்காதீர்கள்

என் பார்வையில் இந்த வழிகாட்டியின் முக்கியமான பகுதி இதுதான்.

படிவுப் பாறைகளில் அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. 1669இல் நிக்கோலஸ் ஸ்டீனோ இதைத் தெளிவாக எழுதி வைத்தார். ஆனால் ஓர் ஊரின் அடுக்கை வேறு ஊரின் அடுக்கோடு பொருத்துவது எப்படி? கால்வாய் வெட்டும் வேலையில் இங்கிலாந்து முழுக்க அலைந்த வில்லியம் ஸ்மித் விடையைக் கண்டார். ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கே உரிய புதைபடிவக் கூட்டம் உண்டு, அந்தக் கூட்டங்கள் எங்கு பார்த்தாலும் ஒரே வரிசையில்தான் வருகின்றன. 1815இல் அவர் வெளியிட்ட நிலவியல் வரைபடம் இந்த அறிவின் மேல் எழுந்தது.

பெயர்கள் அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. ஒரே கையால் திட்டமிட்டு வைத்த பெயர்கள் இல்லை என்பதால்தான் அட்டவணை ஒழுங்கில்லாமல் தெரிகிறது. கேம்பிரியன் என்பது வேல்ஸ் நாட்டின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. ஆர்டோவிசியனும் சிலூரியனும் அங்கே வாழ்ந்த பழங்குடிகளின் பெயர்கள். டெவோனியனுக்கு இங்கிலாந்தின் டெவன், பெர்மியனுக்கு ரஷ்யாவின் பெர்ம், ஜுராசிக்குக்கு ஜூரா மலை. கார்போனிஃபெரஸ் என்றால் நிலக்கரி தருவது, கிரெட்டேசியஸ் என்பது சாக்குக்கல்லுக்கான, அதாவது சாக் எனப்படும் மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லுக்கான, லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டிரையாசிக் என்பது ஜெர்மனியில் மூன்று அடுக்குகளாகக் கிடந்த பாறையைக் கண்டு வைத்த பெயர்.

பெயர் பிறந்த ஊரின் பாறை உலகெங்கும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஐரோப்பாவின் நிலக்கரி பெரும்பாலும் கார்போனிஃபெரஸ் காலத்தது. ஜாரியா, ராணிகஞ்ச் போன்ற இந்தியச் சுரங்கங்களின் கரி அதற்கு அடுத்த பெர்மியன் காலத்தது. கார்போனிஃபெரஸ் கடைசியில் இந்தியா தென் துருவத்தை ஒட்டிப் பனியில் கிடந்தது. ஒடிசாவின் தால்சீரில் பனியாறுகள் விட்டுப்போன கற்படுகை இன்றும் இருக்கிறது. பனி விலகிய பிறகுதான் இங்கே கரியாக மாறிய காடுகள் வளர்ந்தன.

தால்சீரை 1856இல் ஆராய்ந்தவர்களில் ஹென்றி பிளான்ஃபோர்டும் ஒருவர். பிறகு அவர் திருச்சிப் பகுதிக்கு வந்து, 1860களில் இங்குள்ள கிரெட்டேசியஸ் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த புதைபடிவங்களை வகை வகையாக விவரித்து எழுதினார். இவையெல்லாம் நடந்தபோது ஒரு பாறைக்கு இத்தனை ஆண்டு வயது என்று சொல்ல உலகில் யாராலும் முடியாது. கதிரியக்கமே 1896இல்தான் கண்டறியப்பட்டது. இருந்தும் அரியலூர் சிப்பியும் ஐரோப்பாவின் சாக்குக்கல்லும் ஒரே காலத்தவை என்று உறுதியாகச் சொன்னார்கள். அந்த முடிவு இன்றும் நிற்கிறது.

படி 5: ஆண்டு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

சிர்கான் என்ற சிறு படிகம் உருகிய பாறைக்குழம்பில் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாக ஒதுக்கிவிடும். உள்ளே போன யுரேனியம் 238 மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிறது. பாதி மாறுவதற்கு 447 கோடி ஆண்டு பிடிக்கும். ஆகவே படிகத்தில் எவ்வளவு யுரேனியம் மீதமிருக்கிறது, எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அது பிறந்த காலம் கிடைக்கும். யுரேனியம், ஈயக் கணக்கை வைத்துப் பாறைகளின் வயதை அளந்து 1913இல் நூலாக வெளியிட்டவர் ஆர்தர் ஹோம்ஸ். விண்கற்களின் ஈயத்தை அளந்து பூமிக்கு 455 கோடி ஆண்டு என்று 1956இல் சொன்னவர் கிளேர் பேட்டர்சன்.

ஆனால் அம்மோனைட் கிடக்கும் களிமண்ணுக்கு இந்த முறை நேரடியாகப் பொருந்தாது. களிமண்ணில் உள்ள சிர்கான் அதைவிடப் பழைய ஏதோ மலையிலிருந்து அடித்து வரப்பட்டது. அந்த மலையின் வயதைத்தான் அது சொல்லும். அதனால் படிவுகளுக்கிடையே எரிமலைச் சாம்பல் படிந்த இடங்களைத் தேடி, அந்தச் சாம்பலின் வயதை அளந்து, மேலும் கீழும் உள்ள புதைபடிவங்களுக்கு எல்லை கட்டுகிறார்கள். எங்கோ ஓர் ஊரில் சாம்பல் அடுக்கில் அளந்த எண், அதே வகை அம்மோனைட் வழியாகக் காரைக்கு வந்து சேர்கிறது. ஒரு புதைபடிவத்தின் வயதைச் சொல்கிறவரிடம் "எந்த அடுக்கில் கிடைத்தது?" என்று முதலில் கேட்க வேண்டியது இதனால்தான்.

படி 6: நான்கு பேரூழிகளையும் ஒருமுறை கடந்து வாருங்கள்

முதலாவது ஹேடியன், 403.1 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை. பாறையாக மிச்சம் இருப்பது மிக அரிது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சில சிர்கான் துகள்கள் சுமார் 440 கோடி ஆண்டு பழையவை.

அடுத்தது ஆர்க்கியன், 250 கோடி வரை. கண்டங்களின் பழைய கருக்கள் உருவான காலம். நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டிய ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் சுமார் 350 கோடி ஆண்டு முதலே இருக்கின்றன. சென்னைக்காரர்கள் இந்தப் பேரூழியின் வாசலைப் பார்க்க எங்கும் போக வேண்டாம். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள சார்னோகைட் பாறை சுமார் 250 கோடி ஆண்டு பழையது, ஆர்க்கியன் முடிந்து அடுத்த பேரூழி தொடங்கும் இடம். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்த வகைக் கல்லைப் பயன்படுத்தியிருந்ததால் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார்.

மூன்றாவது புரோட்டிரோசோயிக், 53.88 கோடி வரை. மிக நீண்டது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது. 72 முதல் 63.5 கோடி வரையான கிரையோஜீனியன் காலத்தில் பனி பூமியின் நடுக்கோடு வரை வந்தது. அதன்பின் எடியகாரன் காலத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய மென்உடல் உயிரினங்கள் கடலில் பரவின.

நான்காவது ஃபேனரோசோயிக். நாம் இன்னும் இதற்குள்தான் இருக்கிறோம். இதில் மூன்று ஊழிகள். பேலியோசோயிக்கில் கேம்பிரியன் முதல் பெர்மியன் வரை ஆறு காலங்கள், மீசோசோயிக்கில் டிரையாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ், சீனோசோயிக்கில் பேலியோஜீன், நியோஜீன், குவாட்டர்னரி. மொத்தம் 12 பெயர்கள். வரிசையாக மனப்பாடம் செய்வதென்றால் இந்தப் பன்னிரண்டை மட்டும் செய்யுங்கள்.

சீனோசோயிக்கின் உட்காலங்களும் அடிக்கடி காதில் விழும்: பேலியோசீன், இயோசீன், ஒலிகோசீன், மயோசீன், பிளியோசீன், பிளைஸ்டோசீன், ஹோலோசீன். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலக் கடலில் படிந்தது. பல்லாவரத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரி பிளைஸ்டோசீனுக்கு உரியது. ஒரே பல்லாவரத்தில் மலை ஒரு பேரூழி, கோடரி வேறொரு பேரூழி.

படி 7: எல்லைக் கோடுகளில் நின்று பாருங்கள்

ஊழிகளைப் பிரிக்கும் கோடுகள் யாரோ வசதிக்காக இழுத்தவை இல்லை. புதைபடிவங்கள் திடீரென மாறும் இடங்களில்தான் அவை விழுந்தன. பெர்மியன் முடிவில், 25.19 கோடி ஆண்டுகளுக்கு முன், சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருவெள்ளமாகப் பொங்கியது. காற்றும் கடலும் சூடேறி, கடல் இனங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. டிரைலோபைட்டுகள் அத்தோடு முடிந்தன.

மீசோசோயிக்கின் முடிவு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். பூமியில் அரிதான இரிடியம் என்ற உலோகம் அந்த எல்லைக் களிமண்ணில் மட்டும் மிகுந்திருப்பதை அல்வாரெஸ் குழுவினர் 1980இல் காட்டினார்கள். விண்கல் மோதிய சிக்சுலுப் பள்ளம் மெக்சிகோவின் யுகாத்தானில் இருக்கிறது. அதே காலகட்டத்தில் இந்தியாவில் தக்காணத்து எரிமலைக் குழம்பும் பொங்கிக்கொண்டிருந்தது.

இந்த எல்லையின் இரு பக்கங்களும் அரியலூர் மாவட்டத்தில் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கல்லமேடு பாறைத்தொகுதி கிரெட்டேசியஸின் கடைசிப் பகுதியைச் சேர்ந்த ஆற்றுப்படிவு. யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் ப்ரூஹத்காயோசாரஸ் என்று பெயரிட்ட மாபெரும் டைனோசரின் எலும்புகள் அங்கே கிடைத்தவை. அவை பின்னாளில் சிதைந்து அழிந்துபோயின என்பது பெரிய இழப்பு. அதற்கு மேலே நின்னியூர்த் தொகுதியின் சுண்ணாம்புக்கல், பேலியோஜீனின் முதல் கட்டமான டேனியனைச் சேர்ந்தது. கீழே டைனோசர், மேலே அவை இல்லாத உலகின் கடல். அட்டவணையில் ஒரு கோடாகத் தெரிவது இங்கே நிலமாக இருக்கிறது. போய்ப் பார்க்கிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுத்தால் நல்லது. கல்லை மட்டும் பெயர்த்துக்கொண்டு வராதீர்கள். அடுக்கிலிருந்து பிரித்த படிவம் தன் காலத்தைச் சொல்லும் சாட்சியை இழந்துவிடுகிறது.

படி 8: காணாமல்போன பக்கங்களையும் கணக்கில் எடுங்கள்

எந்த ஊரிலும் அட்டவணையின் எல்லாக் காலமும் பாறையாக இருக்காது. படிவு நிற்கலாம், படிந்ததும் அரித்துப் போகலாம். இப்படிப்பட்ட இடைவெளிக்குப் படிவு முறிவு என்று பெயர். 1788இல் ஜேம்ஸ் ஹட்டன் ஸ்காட்லாந்தின் சிக்கார் முனையில், செங்குத்தாக நின்ற பழைய அடுக்குகளின் தலையில் புதிய செம்மணற்கல் சாய்வாகப் படிந்திருப்பதைக் கண்டு, இதற்கு அளவிட முடியாத காலம் தேவைப்பட்டிருக்கும் என்று உணர்ந்தார்.

அரியலூர், பெரம்பலூர் பகுதியிலும் இது உண்டு. ஊட்டத்தூர்த் தொகுதியின் கடற்படிவு பல இடங்களில் நேராகப் பழம் படிகப் பாறைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவே பேலியோசோயிக் முழுக்கக் காணோம். கையால் தொடக்கூடிய ஒரு கோட்டில் நூறு கோடிக்கும் மேலான ஆண்டுகள் விடுபட்டிருக்கின்றன. ஒரு பகுதியின் நிலவியல் வரலாற்றை எழுதும்போது இருப்பதை மட்டும் அடுக்கினால் கதை தொடர்ச்சியாக நடந்தது போல் ஒரு பொய்த் தோற்றம் வந்துவிடும்.

படி 9: எந்த ஆண்டின் அட்டவணை என்று பாருங்கள்

அட்டவணையைப் பராமரிப்பது பன்னாட்டு அடுக்கியல் ஆணையம். ஒவ்வோர் எல்லைக்கும் உலகில் ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்குள்ள பாறையில் ஒரு புள்ளியை அடையாளமாக அறிவிக்கிறார்கள். பொன் ஆணி என்பது அதன் செல்லப்பெயர். முதல் ஆணி 1972இல் இன்றைய செக் குடியரசின் குளோன்கில், சிலூரியன் டெவோனியன் எல்லைக்கு. டிரையாசிக்கின் தொடக்கம் சீனாவின் மெய்ஷானில், பேலியோஜீனின் தொடக்கம் துனிசியாவின் எல் கெஃப்பில். ஹோலோசீனின் கடைசிக் கட்டத்துக்கு 2018இல் மேகாலயன் என்று பெயரிட்டார்கள். மேகாலயா மாநிலத்தின் மாவ்ம்லூ குகையின் சுண்ணாம்புப் படிவில் பதிந்த, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய வறட்சிதான் அதன் அடையாளம். மனிதரின் பெயரால் ஆந்த்ரோபோசீன் என்ற உட்காலத்தைச் சேர்க்கும் முன்மொழிவு 2024இல் நிராகரிக்கப்பட்டது.

ஆணி இருக்கும் இடம் அப்படியே இருக்க, அதன் வயது மட்டும் திருத்தப்படுவது வழக்கம். கேம்பிரியனின் தொடக்கம் 54.1 கோடி என்று பழைய புத்தகத்தில் இருக்கும், இப்போது 53.88 கோடி. சில சமயம் கோடே நகரும். குவாட்டர்னரியின் தொடக்கத்தை 2009இல் சுமார் 18 லட்சத்திலிருந்து 25.8 லட்சம் ஆண்டுக்குத் தள்ளினார்கள். டெர்ஷியரி என்ற பெயர் முறையான அட்டவணையில் இப்போது இல்லை, ஆனால் பழைய வரைபடங்களில் நிறையப் பார்ப்பீர்கள். அது பேலியோஜீனும் நியோஜீனும் சேர்ந்தது. ஆகவே எந்த எண்ணைக் குறித்துக்கொண்டாலும் அட்டவணை வெளியான ஆண்டையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

எண்ணுக்கு முன்னால் அலைக்கோடு இருந்தால் அது தோராயம் என்று பொருள். கிரெட்டேசியஸின் தொடக்கத்தில் அந்த அலைக்கோடு இருக்கிறது. பல ஆண்டுகள் சுமார் 14.5 கோடி என்றிருந்தது, அண்மைப் பதிப்பில் சுமார் 14.31 கோடி. ஜுராசிக் முடிவில் பெரும் அழிவு எதுவும் நேராததால், உலகெங்கும் ஒரே நேரத்தில் நடந்த ஒரு மாற்றத்தைக் காட்டி இதுதான் கோடு என்று சொல்வது கடினமாக இருக்கிறது. ஃபேனரோசோயிக்கின் 12 காலங்களில் தொடக்கத்துக்கு இன்னும் பொன் ஆணி அடிக்கப்படாதது கிரெட்டேசியஸ் ஒன்றுதான்.